செல்போன்களுக்குக் காப்புக் கட்டிய கதை

1

இதை எழுத எனக்குப் பல வருடத் தயக்கம். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். ஊருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தால்கூட "நலம், நலமறிய ஆவல்" என்பதற்கு அடுத்த வரி வராது. அதோடு இது சாமி சம்பந்தப்பட்ட விஷயம். நடந்ததோ வயிறு வலிக்கச் சிரிக்க வேண்டிய விஷயம். இரண்டையும் ஒன்றாக எழுதினால் அம்மன் கோபித்துக்கொள்வாளோ என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

போன வாரம் எங்கள் சமோசா தொழிற்சாலையில் புதிதாக ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் நாள் காலையில், "செல்போனை எங்கே வைக்கணும்?" என்று கேட்டாள். எங்களோடு வேலை பார்க்கும் பஞ்சாப்காரன் ஹர்ப்ரீத் ரொம்பச் சாதாரணமாக, "சிவாகிட்டக் கொடு. கயிறு கட்டித் தருவாங்க" என்றான். அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையில், இதை இனிமேலும் எழுதாமல் இருந்தால் சரிப்படாது என்று தோன்றிவிட்டது.

வீட்டுக்கு வந்து விளக்கேற்றி, "ஆத்தா, நீ நடத்திவச்ச கூத்துத்தானே. எழுதட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் பல்லி சத்தத்துக்காகக் காத்திருந்தேன். சத்தமே இல்லை. மெல்பர்னில் எங்கள் வீட்டுப் பக்கம் பல்லியே கிடையாது என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. தடையும் சொல்லவில்லை அல்லவா? எழுதுகிறேன்.

2

என் பெயர் சிவகாமி. பிறந்தது காளையார்கோவில் பக்கம், வாழ்க்கைப்பட்டது கண்டனூர் பக்கம். இங்கே எல்லோருக்கும் சிவா. முழுப் பெயரையும் சொல்லச் சொன்னால் மேனேஜர் கிரெக்குக்கு நாக்குச் சுளுக்கிக்கொள்கிறது. சமோசாவும் ஸ்பிரிங் ரோலும் செய்து, உறைய வைத்துக் கடைகளுக்கு அனுப்புகிற இடம் எங்களுடையது. என் வீட்டுக்காரர் கருப்பையா, கிரெக் வாயில் வெறும் 'கரு', அதே கம்பெனியில் டெலிவரி வேன் ஓட்டுகிறார். நான் உருளைக்கிழங்கு உரிப்பதில் ஆரம்பித்து, பகல் ஷிப்டுக்குப் பொறுப்பாளர் ஆனவள். அந்தப் பொறுப்போடு சேர்ந்து வந்த தலைவலிதான் செல்போன்.

வேலைத் தளத்தில் செல்போன் கூடாது என்று சட்டம் எப்போதும் உண்டு. யார் கேட்டார்கள்? வியட்நாமிலிருந்து வந்த லின் என்னைவிட வயதில் மூத்தவர். ஏப்ரனுக்குள் போனைச் செருகிக்கொண்டு பேரன் பேத்தி படம் பார்ப்பார். நேபாளத்துச் சுனிதா ஒரு காதில் ஒயரை மாட்டி, முடி உதிராமல் இருக்கப் போடுகிற தலைவலைக்குள் மறைத்துக்கொள்வாள். ஹர்ப்ரீத் சட்டைப் பையிலேயே வைத்திருப்பான்.

ஒரு நாள் அந்தச் சட்டைப் பைதான் எங்களைக் காட்டிக் கொடுத்தது. அவன் மசாலா அண்டாவுக்குள் குனிந்து கிளறிக்கொண்டிருந்தபோது போன் நழுவி உள்ளே விழுந்துவிட்டது. எங்கே விழுந்தது என்று அவன் துழாவுவதற்குள் அவனுடைய அம்மா கூப்பிட்டுவிட்டார். உருளைக்கிழங்கு மசாலாவின் அடியிலிருந்து பாங்க்ரா பாட்டு கேட்கிறது. அந்த நேரம் பார்த்து கிரெக் உள்ளே வருகிறார். "மசாலா பாடுதா?" என்றார். பாட்டு மட்டும் தொடர்ந்து வந்தது.

அண்டா முழுக்கக் கொட்ட வேண்டியதாயிற்று. கிரெக் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். பெரிய தொந்தி, சின்னக் குரல். "சிவா, நீ ஒரு வழி பண்ணு. இல்லாட்டி மேலிடத்திலிருந்து வந்து கேமரா மாட்டுவாங்க. மாட்டினா, பிடிபடுகிற முதல் ஆளுக்கு வேலை போகும். அது யாரா இருந்தாலும் எனக்குக் கஷ்டம்."

முதலில் 'செல்போன் கூடாது' என்று சுவரில் படம் ஒட்டினேன். அதைப் படம் எடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். அடுத்து ஒரு டப்பா வைத்து, எல்லோரும் போனை இதில் போடுங்கள் என்றேன். ஒழுங்காகப் போட்டார்கள். என்ன இது, இவ்வளவு லேசாக முடிந்துவிட்டதே என்று பார்த்தால், டப்பாவுக்குள் கிடந்ததெல்லாம் உடைந்துபோன பழைய போன்கள். நல்ல போன் இடுப்பில் இருக்கிறது. லின் போட்டிருந்தது டிவி ரிமோட்.

கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. ஏனென்றால் எனக்கும் தெரியும். யாரும் வேலையை ஏமாற்றுவதற்காகப் போனை வைத்திருக்கவில்லை. எல்லோருக்கும் ஊர் கடலுக்கு அந்தப்பக்கம் இருக்கிறது. அங்கிருந்து ஒரு போன் வந்து, அதை எடுக்காமல் விட்டு, அது முக்கியமான போனாக இருந்துவிட்டால்? அந்தப் பயம் இடுப்பிலேயே அதிர்ந்துகொண்டிருக்கும். போனை வாங்கி வைத்துவிடலாம். அந்தப் பயத்தை எந்த டப்பாவில் வாங்கி வைப்பது?

3

எங்கள் ஊரில் அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவது உங்களுக்குத் தெரியும். மஞ்சள் கயிற்றைக் கையில் கட்டிவிட்டால் திருவிழா முடிந்து அவிழ்க்கும்வரை எல்லை தாண்டக் கூடாது. என் மாமனார் ஒரு வருடம் காப்புக் கட்டியிருந்த சமயத்தில் காரைக்குடியில் விதைநெல் வந்து இறங்கிவிட்டது. மனிதர் எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, பஸ்ஸை மறித்து, "கண்டக்டரே, கடைக்காரர்கிட்டச் சொல்லுங்க, எனக்கு எடுத்து வைக்கட்டும்" என்று கத்துகிறார். கண்டக்டர், "ஒரு எட்டு ஏறி வாங்க மாமா, நீங்களே சொல்லிப்புடலாம்" என்கிறார். "ஏய், காப்பு!" என்று மாமனார் கையைத் தூக்கிக் காட்டியதும், பஸ்ஸில் இருந்த ஒருவர்கூட மறுபேச்சுப் பேசவில்லை. காவலுக்கு ஆள் கிடையாது. கயிறுதான் காவல்.

அது ஒரு நாள் மாவு பிசையும்போது ஞாபகம் வந்தது. மறுநாள் காலையில் குளித்து, நூலை மஞ்சளில் நனைத்து எடுத்துக்கொண்டு போனேன். ஒவ்வொருவர் போனையும் கையில் வாங்கி, நிஜப் போன்தானா என்று பார்த்து, அம்மனை நினைத்துக் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டு டப்பாவில் வைத்தேன். என் கையிலும் ஒன்று கட்டிக்கொண்டேன். பிறகு எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கம் சொன்னேன். இது அம்மன் கயிறு. சாப்பாட்டு மணிக்கு அவிழ்ப்பேன், திரும்பக் கட்டுவேன். வேலை முடிந்து அவிழ்ப்பேன். நடுவில் யாரும் தொடக் கூடாது. கட்டிய நான், அவிழ்க்கும்வரை வாசலில் இருக்கிற மஞ்சள் கோட்டைத் தாண்ட மாட்டேன்.

"தொட்டா?" என்றான் ஹர்ப்ரீத்.

"அம்மாவுக்குக் கோபம் வரும்."

"அம்மா யாரு? ஹெட் ஆபீஸா?" என்றார் கிரெக்.

"அதுக்கும் மேல" என்றேன்.

கிரெக் தன் சொந்தப் போனையும் எடுத்து நீட்டினார். "அப்ப எனக்கும் கட்டு."

மேனேஜர் போனே மஞ்சள் கயிற்றோடு டப்பாவில் கிடந்ததைப் பார்த்ததும் எல்லோரும் அடங்கிவிட்டார்கள். லின் டப்பாவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். அன்றைக்கு முழுக்க ஒரு கைகூட இடுப்புக்குப் போகவில்லை.

இதற்கும் ஒரு ஆபீஸ் வழக்கு வந்தது. சிட்னியில் இருக்கிற ஹெட் ஆபீஸிலிருந்து மெயில். உணவு செய்கிற இடத்தில் விழுந்தால் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எல்லாமே நீலத்தில் இருக்க வேண்டுமாம், மஞ்சள் கயிறு கூடாதாம். மஞ்சள் நம் மசாலாவில் போடுகிற சாமான்தானே என்று கிரெக் எழுதினார். மஞ்சள் சாமான், கயிறு சாமான் இல்லை என்று பதில் வந்தது. கடைசியில் டப்பா மஞ்சள் கோட்டுக்கு வெளியே ஒரு தட்டில் இருப்பதால் அதற்குள் மஞ்சள் கயிறு இருக்கலாம், என் கையில் இருப்பதை நீலக் கையுறை போட்டு மூடிக்கொள்ள வேண்டும் என்று முடிவானது. அதோடு விட்டார்களா? இந்த முறையில் என்னென்ன ஆபத்து வரலாம் என்று கிரெக் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். "கயிற்றை அவிழ்த்தால் என்ன ஆகும்?" என்று என்னிடம் கேட்டார். நான் யோசிக்காமல், "அம்மை போடும்" என்று சொல்லிவிட்டேன். அம்மை என்றால் என்ன என்று உடம்பில் புள்ளி வைத்துக் காட்டினேன். மனிதர் அப்படியே எழுதி அனுப்பிவிட்டார். தடுப்பூசி போட்டவர்களுக்குப் பொருந்துமா என்று சிட்னியிலிருந்து திரும்பக் கேட்டார்கள்.

4

இந்தக் கயிற்று ராஜ்யம் நடந்துகொண்டிருந்த காலத்தில்தான் என் மகள் மீனா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள்.

மீனா பள்ளிக்கூடம் போகிற வயதில் இங்கே வந்தவள். நாங்கள் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும். சாமி கும்பிடக் கூப்பிட்டால், "நீங்க கும்பிடுங்கம்மா, நான் ஃப்ரூட்ஸ் கட் பண்றேன்" என்பாள். அவள் ஒரு பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னபோது எந்த நாட்டுக்காரனோ, என்ன பாஷையோ என்று நாங்கள் இருவரும் சோபாவைப் பிடித்துக்கொண்டோம். பையன் பெயர் அருள்ராஜ். சொந்த ஊர் தேவகோட்டை.

"தேவகோட்டையா?" என்றார் என் வீட்டுக்காரர். "உலகத்தையே சுத்தி வந்து, கடைசியில நம்மூரு டவுன் பஸ்ஸுலயா ஏறியிருக்கா?"

பையன் கிறிஸ்தவன். அப்பாவும் அம்மாவும் வாத்தியார்கள், அமைதியான குடும்பம். வீட்டுக்கு வந்தான். "மாமா, தண்ணி நான் எடுத்துக்கிறேன், நீங்க உக்காருங்க" என்றான். எனக்கு அங்கேயே பிடித்துவிட்டது. இவர் மட்டும் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"என்னங்க, பிள்ளை மொகத்தப் பாருங்க. என்னதான் சொல்றீக?" என்றேன்.

"நான் என்னத்தச் சொல்ல? எனக்கு மேல ஒருத்தி இருக்கா ஊர்ல. குலசாமிகிட்டப் பூக்கட்டிப் பாத்துட்டுச் சொல்றேன். அவ சரின்னா நான் முன்னால நின்டு நடத்துறேன். வேண்டாம்னா என்னையக் கூப்பிடாதீக."

மீனா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அப்பா, ரெண்டு பூவை இலையில மடிச்சுப் போட்டு, சின்னப் புள்ளைய ஒண்ணு எடுக்கச் சொல்வீங்க. அவ்ளோதானே? ஃபிஃப்டி ஃபிஃப்டி! அதுல என் லைஃபா?"

"ஒங்கம்மாவ எனக்குக் குடுத்ததும் பூவக் கேட்டுத்தாண்டி."

"அதைத்தான் சொல்றேன்!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். அவர் சொன்னது உண்மை. என் பிறந்த வீட்டில் வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் ஆகாது என்று வேண்டிக்கொண்டு போட்டார்கள். அத்தை மகள் எடுத்த பொட்டலத்தில் நந்தியாவட்டை வெள்ளைவெளேர் என்று சிரித்தது. அன்றையிலிருந்து வெள்ளைப் பூவைப் பார்த்தாலே எனக்குக் கல்யாண ஞாபகம்தான்.

இவர் லீவு போட்டு ஊருக்குக் கிளம்பினார். மீனா வெளியில் கேலி பேசினாளே தவிர, ராத்திரிச் சாப்பாட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள். அப்பா வராத கல்யாணம் அவளுக்கு ஆகாது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தேவகோட்டையில் அருள்ராஜின் அம்மா மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருக்கிறார் என்று தகவல் வந்தது. நான் இங்கே நெய்விளக்கு. இரண்டு பக்கமும் நல்ல வெளிச்சமாகத்தான் இருந்தது. பதில்தான் தெரியவில்லை.

5

ஒரு செவ்வாய்க்கிழமை பூக்கட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. முதல் நாள் இவர் போனில் சொன்னார்: "காலையில வெள்ளனக் கேட்டுருவோம். ஒனக்குச் சாப்பாட்டு நேரமா இருக்கும். போனைக் கையில வச்சிரு. ஒங்கிட்டச் சொல்லிட்டுத்தான் பிள்ளைகிட்டச் சொல்லணும். பெத்தவ வாயால கேக்கட்டும்."

சாப்பாட்டு மணி அடித்தது. எல்லோருடைய கயிற்றையும் அவிழ்த்தேன். என் போனை மேஜையில் வைத்துக்கொண்டு கும்பிட்டபடி உட்கார்ந்திருந்தேன். எங்கள் தளத்தில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். லின் தன் சாப்பாட்டை என் பக்கம் தள்ளி வைத்தார். போன் வரவில்லை. மணி அடிக்கப் போகிற நேரத்தில் ஒரு மெசேஜ் வந்தது. பூசாரி தேவகோட்டையில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போயிருக்கிறாராம், இப்போதுதான் பஸ் ஏறியிருக்கிறாராம்.

"இன்னிக்கு மட்டும் உங்க போனைக் கட்டாம விடுங்க அக்கா" என்றாள் சுனிதா.

கை நீண்டது, உண்மை. ஆனால் அங்கே அம்மன் முன்னால் என் மகளுடைய வாழ்க்கையை வைத்துக் கேட்கிறார்கள், இங்கே நான் அதே அம்மன் பெயரால் கட்டுகிற கயிற்றில் எனக்கு மட்டும் சலுகை எடுப்பேனா? கட்டினேன். டப்பாவுக்குள் வைத்தேன். கோட்டுக்கு உள்ளே வந்தேன்.

சமோசா மடிக்க ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. டப்பாவுக்குள்ளிருந்து கெட்டிமேளம் கேட்டது. என் போனுக்கு மீனா வைத்துக் கொடுத்த ரிங்டோன் அது. கெட்டிமேளம் முழங்கி, ஓய்ந்து, திரும்பவும் முழங்கியது. நான் என்னை அறியாமல் இரண்டடி நடந்துவிட்டேன். லின் ஓடிவந்து குறுக்கே நின்றார்.

"வேண்டாம் சிவா! நீதான் சொன்னே. அம்மா ரொம்பக் கோபம்."

"லின், எம் மக கல்யாணம்..."

"அதனாலதான் வேண்டாம்! இன்னிக்குப் போயா அம்மாவைக் கோபப்படுத்துவே?"

நான் சொல்லிக் கொடுத்த பாடம். என்னைவிட அழுத்தமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

மேளம் ஓய்ந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம், மேல்மாடி ஆபீஸில் தொலைபேசி அடித்தது. இவருக்கு ஆபீஸ் நம்பர் மனப்பாடம். அது சுவரோடு ஒட்டிய பழைய போன், ஒயர் கதவுவரைகூட வராது. கொஞ்ச நேரத்தில் இரும்புப் படிக்கட்டு தடதடவென்று ஆட, கிரெக் இறங்கி வந்தார். முகமெல்லாம் வியர்வை.

"சிவா! கரு பேசினார். பூ சிவப்பாம்!"

நான் அப்படியே உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்தேன். வெள்ளை வரவில்லை. ஆகாது.

"அவர் எப்படிச் சொன்னார்?" என்றாள் சுனிதா.

"அழுதுக்கிட்டே சொன்னார். அதுக்குள்ள லைன் போயிடுச்சு."

அழுதாரா? முடிந்தது. மீனா சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கிற முகம் கண் முன்னால் வந்து நின்றது.

அப்போதுதான் ஹர்ப்ரீத், "எதுக்கு ஆன்ட்டி அழுறீங்க? சிவப்புன்னா நல்லதுதானே? எங்க ஊர்ல கல்யாணப் பொண்ணு சிவப்புத்தான் கட்டும்" என்றான்.

"எங்க ஊர்லயும்தான். பொட்டு, புடவை, எல்லாமே சிவப்பு" என்றாள் சுனிதா.

"சிவப்புக் கல்யாணம். வெள்ளை சாவு" என்றார் லின், தீர்ப்புச் சொல்வது மாதிரி.

"எங்க வீட்ல வெள்ளைதான் சம்மதம்!" என்றேன் நான், மூட்டைமேல் இருந்தபடி. மூன்று பேர் சிவப்புக்கு ஓட்டு, நான் ஒருத்தி வெள்ளைக்கு. கிரெக்கைப் பார்த்தோம். அவர் தயங்கித் தயங்கி, "சிக்னல்ல சிவப்புன்னா நில்லுன்னு..." என்று ஆரம்பித்தார். மூன்று பேரும் அவரைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

ஆனால் அந்தப் பேச்சில்தான் எனக்குப் பொறி தட்டியது. என் பிறந்த வீட்டில் வெள்ளை. இவர் வீட்டில்? இவர்கள் குலசாமி முன்னால் பூக்கட்டிப் பார்த்து நான் கண்டதே இல்லை. எந்தப் பூ வந்தால் சம்மதம் என்று அவரவர் வேண்டிக்கொள்வதுதானே? இவர் என்ன வேண்டிக்கொண்டார்? ராத்திரி அவ்வளவு நேரம் பேசியும் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எனக்கு வெள்ளைதான் உலகம், அவருக்கு என்னவோ.

"கிரெக், திரும்பப் போன் போட்டுக் கேளுங்க. எந்தப் பூ வேணும்னு கேட்டாராம்?"

கிரெக் படியேறினார். கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து, "எங்கேஜ்டு!" என்று குரல் வந்தது. அதே நேரம் கெட்டிமேளம் முழங்கியது. எங்களுக்குப் புரிந்துவிட்டது. இவர் என் போனையே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அதனால் கிரெக்குக்கு லைன் கிடைக்கவில்லை. மேளம் நின்றதும் கிரெக் போடுவதற்குள் இவர் மறுபடி எனக்குப் போடுகிறார். இவர் பிடிவாதம் எனக்குத் தெரியாதா?

ஹர்ப்ரீத் படிக்கட்டின் நடுவில் போய் நின்றான். சுனிதா டப்பா பக்கத்தில் காது வைத்துக்கொண்டாள். மேளம் ஓய்ந்த நொடியில் அவள், "இப்ப!" என்று கத்துவாள். அவன், "இப்ப!" என்று மேலே கத்துவான். கிரெக் எண்களைக் குத்துவார். முதல் தடவை பிந்திவிட்டார். இரண்டாவது தடவை யாரோ வேறு ஆளுக்குப் போட்டுவிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு, "ஆத்தா, அவரைக் கொஞ்ச நேரம் போனைக் கீழ வைக்கச் சொல்லு" என்று வேண்டினேன். வேறெதையும் கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த தடவை மேலே பேச்சுக் குரல் கேட்டது. கிரெக் ஏதோ சொல்ல, ஹர்ப்ரீத் திரும்பினான். அவன் முகத்தைப் பார்க்கும்போதே லின் என் கையைப் பிடித்துவிட்டார்.

"சிவப்புத்தான் கேட்டாராம் ஆன்ட்டி! சிவப்பு! அவங்க சாமி அம்மாவுக்குச் சிவப்புத்தான் பிடிக்குமாம்! சந்தோஷத்துல அழுதாராம்!"

அதற்குப் பிறகு நடந்தது வேலைத் தளத்தில் நடக்கக் கூடாதது. ஹர்ப்ரீத் படிக்கட்டிலேயே பாங்க்ரா ஆடினான். சுனிதா குலவை மாதிரி ஒன்று போட்டாள், எங்கே கற்றுக்கொண்டாளோ. லின் மாவுக் கையோடு என் இரண்டு கன்னத்தையும் பிடித்தார். நான் சிரிக்கிறேன், அழுகிறேன், தும்முகிறேன். கிரெக் இறங்கி வந்து, "ஆக, சிவப்புன்னா போகலாம்" என்றார். இந்தத் தடவை எல்லோரும் அவரைக் கட்டிக்கொண்டார்கள்.

திடீரென்று சுனிதா, "அக்கா, மீனாவுக்குத் தெரியுமா?" என்றாள்.

தெரியாது. நான் சொன்ன பிறகுதான் இவர் சொல்வார். எங்கள் சமோசாத் தளம் மொத்தத்துக்கும் தெரியும், கல்யாணப் பெண்ணுக்குத் தெரியாது.

அவள் அங்கே என்ன பாடு பட்டாளோ. என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். அப்பாவோ எங்கேஜ்டு. வேலையில் சொல்லிவிட்டு நேரே காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். வாசலில் வந்து மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றாள், கையில் கார்ச்சாவி, நெற்றியில் வியர்வை. நான் இந்தப் பக்கம். என்னால் தாண்ட முடியாது, அவள் தலைவலை இல்லாமல் உள்ளே வரக் கூடாது.

என் மகள் என்னைப் பார்த்தாள். சாமி கும்பிடும்போது பழம் நறுக்கப் போகிறவள், எதற்கும் இங்கிலீஷில் பதில் சொல்கிறவள், இவர் பேசுகிற அச்சில் அப்படியே கேட்டாள்:

"அம்மா, சாமி என்ன சொன்னாக?"

"ஒங்கப்பா கேட்டதத்தான் குடுத்தாக ஆத்தா. சரின்னு சொல்லிட்டாக" என்றேன்.

அவள் அங்கேயே குந்திவிட்டாள். கிரெக் ஓடிப்போய் ஒரு நீலத் தலைவலை கொண்டுவந்து, ரொம்ப மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினார். மீனா அதை மாட்டிக்கொண்டு கோட்டைத் தாண்டி உள்ளே வந்தாள். கல்யாணம் நிச்சயமான என் மகளைக் கட்டிக்கொண்டபோது அவள் தலையில் பூ இல்லை, அந்த நீல வலைதான் இருந்தது. உலகத்தில் அதைவிட அழகான பெண்ணை நான் பார்த்ததில்லை.

6

அந்த வாரமே கிரெக் ஆபீஸ் தொலைபேசிக்கு ஒரு கிளை இழுத்துக் கீழே எங்கள் தளத்துச் சுவரில் மாட்டிவிட்டார். அந்த எண்ணை எல்லோரும் தங்கள் தங்கள் வீட்டில் சொல்லி வைத்திருக்கிறார்கள். அவசரம் என்றால் அதில் கூப்பிடலாம், யாராவது எடுப்பார்கள், ஆள் கிடைக்கும். பெரும்பாலும் கிரெக்தான் முதலில் பாய்ந்து எடுக்கிறார். "லின்! பேரனுக்குப் பல் விழுந்துடுச்சாம்!" என்று அவர் கத்துவதில் அவருக்குத்தான் எங்களைவிடச் சந்தோஷம். அதற்குப் பிறகு இடுப்பில் யாருக்கும் போன் அதிரவில்லை. கேமராவும் வரவில்லை. ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவர்கள் இதைப் படித்தால் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். போனைப் பிடுங்குவதற்கு முன்னால், ஊரிலிருந்து கூப்பிட்டால் கேட்பதற்கு ஒரு காது வைத்துக் கொடுங்கள். கயிறு பிறகு தானாகப் பிடிக்கும்.

கல்யாணம் கண்டனூரில் ஒரு பெரிய வீட்டை வாடகைக்கு எடுத்து நடந்தது. அருள்ராஜின் அம்மா தன் கோயிலில் ஆசீர்வாதம் வாங்கிவிட்டு வந்து, எங்கள் குலசாமி முன்னால் முந்தானையைப் போர்த்திக்கொண்டு நின்றார். இவர் சொன்னபடி முன்னால் நின்று நடத்தினார். பந்தியில் அப்பளத்தைக்கூட யாரையும் போடவிடவில்லை.

இப்போது நான் கும்பிட்டுக் கேட்டுக்கொள்வது ஒன்று. இந்தச் சங்கதி எனக்கு முன்னாலேயே ஊருக்குப் போய்விட்டது. காரைக்குடியில் ஒருவர் சொன்னாராம், டப்பாவுக்குள் இருந்த போனின் கயிறு தானாக அவிழ்ந்து அம்மனே பேசினாள் என்று. தேவகோட்டை பஸ்ஸில் என் நாத்தனார் காதால் கேட்டது, ஒரு வெள்ளைக்காரருக்குச் சாமி வந்து இரும்புப் படிக்கட்டில் ஆடினார் என்று. சொந்தக்காரர்களில் சிலர், கேட்பவர்களுக்குச் சுலபமாக விளங்கட்டும் என்று பூவை வெள்ளையாக்கிவிட்டார்கள்.

கயிறு அவிழவில்லை, நான்தான் சாயங்காலம் அவிழ்த்தேன். கிரெக்குக்குச் சாமி வரவில்லை, படியேறி இறங்கி மூச்சு வாங்கியது. அம்மன் பேசவில்லை, பேசவேண்டிய அவசியமும் அவளுக்கு இல்லை. இதை யாரிடமாவது சொல்வதானால், படித்துக் காட்டுவதானால், அனுப்புவதானால், தாராளமாகச் செய்யுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். முக்கியமாக, பூவின் நிறத்தை மாற்றிவிடாதீர்கள். வெள்ளை என் கல்யாணத்துக்கு வந்த பூ. என் மகளுக்கு வந்தது சிவப்பு.